மண்ணரிப்பும் ஐக்கிய சங்கங்களின் கடமையும்

(கிராம ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



ஐக்கிய நாணய சங்கமொன்று குடியானவருக்குக் கடன் கொடுக்குமுன் அவருடைய நிலத்தின் விஸ்தீரணத்தையும், பட்டாவையும், வில்லங்கத்தையும் விசாரிப்பது வழக்கம். பட்டாவில் 3 ஏக்கர் என்றிருந்தால் 3 ஏக்கர் ஈடு என்றே கொள்ளப்படும். பத்து வருஷங்கள் சென்ற பின்னும் பட்டாவில் அதே 3 ஏக்கர்தான் காணப்படும். ஆனால் பயிரைத் தாங்கி வளர்க்கும் மேல்மண் அந்நிலத்தில் முன்போல் இருக்கின்றதா என்பதைப் பட்டா சொல்லாது. சரிவான புன்செய்களில் ஒவ்வொரு பெருமழையும் ஈடாக வைத்த பொருளில் ஒரு பகுதியை வாரிக்கொண்டு ஓடைக்குச் செல்கின்றது. எல்லைக் கற்கள் அசையாமல் நிற்கின்றன; நிலம் போய்விடுகிறது. இது கடன் பெற்றவருக்கும் நஷ்டம். கடன் கொடுத்த சங்கத்துக்கும் நஷ்டம். ஆகையால் மண்ணரிப்பு என்னும் விஷயம் சர்க்கார் இலாகாக்களுக்கு மாத்திரம் உரியதன்று. ஐக்கிய சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஆராய வேண்டியதாகும்.

மழைத்துளியின் வேலை

மண்ணை அரிப்பது ஓடும் வெள்ளமே என்று பொதுவாக எண்ணப்படுகிறது. வெள்ளம் மண்ணைச் சுமந்து செல்வது உண்மையே. ஆயினும் அதைப் பெயர்த்துக் கொடுப்பதில் மழைத்துளிக்குப் பெரும் பங்குண்டு. பெருமழையில் விழும் பெரிய துளி 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ளது. அது தரையை அடையும்போது வினாடிக்குச் சுமார் 9 மீட்டர், அதாவது 30 அடி வேகத்தில் வந்து மோதுகின்றது. வெறுந்தரையில் அவ்வாறு மோதியவுடன் மண்கட்டி உடைந்து பொடியாகி நாற்புறமும் தெறிக்கின்றது. மழை ஓய்ந்தபின் வீட்டுச் சுவரின் அடிப்பாகத்தில் காணப்படும் செம்மண் தெறிப்பே இதற்குப் போதுமான சாட்சி.

தெறித்த நுண்பொடி மண்ணின் துளைகளை அடைத்து, மேலே மெல்லிய பொருக்காகப் படிகின்றது. அதன்பின் மழைநீர் உள்ளே இறங்க வழியின்றித் தரைமேல் ஓடத் தொடங்குகிறது. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அதன் அரிக்கும் வலிமை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆதலின் சரிவு மிகுந்தும், இடையில் தடையின்றி நீண்டும் கிடக்கும் நிலத்துக்கே அபாயம் அதிகம்.

அரிப்பு முதலில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நிலமெங்கும் மெல்லிய ஏடு உரிவதுபோல் மேல்மண் சமமாகப் போகின்றது. பின்னர் விரலளவு வாய்க்கால்கள் தோன்றும். அவற்றை உழவன் அடுத்த உழவில் மூடிவிடுகிறான். ஆனால் மூடப்பட்டது தழும்பேயன்றிப் போன மண் திரும்புவதில்லை. இறுதியில் உழவு மாடு இறங்கமுடியாத ஓடைகள் நிலத்தைக் கிழிக்கின்றன. ஓடை கண்டபின் கவலைப்படுவோர் பலர். ஏடு உரியும்போதே கவனிப்போர் சிலர். நீரால் முதலில் எடுத்துச் செல்லப்படுவது நுண்ணிய மண்ணும் மட்கிய தழையுமே. எருவின் சத்தைப் பிடித்து வைப்பவையும் அவையே. ஆகையால் போகும் மண்ணின் எடையைக் காட்டிலும் போகும் சத்தின் மதிப்பு அதிகம்.

புல், செடி, சருகு ஆகியவை இவ்வபாயத்தை மூன்று விதமாகத் தடுக்கின்றன. இலையும் சருகும் துளியின் மோதலைத் தாமே ஏற்று, நீரை மெல்லத் தரைக்கு விடுகின்றன. தண்டுகளும் தூர்களும் ஓடும் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன. வேர்களும், அவை மட்கிய பின் நிற்கும் துளைகளும், மண்புழுக்களின் வழிகளும் நீரை உள்ளே இறக்குகின்றன. ஒரு ஏக்கரில் 1 அங்குல மழை பெய்தால் வரும் நீர் சுமார் 100 டன் எடையுள்ளது. அந்த 100 டன் நீர் மண்ணுக்குள் சென்று கிணற்றுக்குப் பயன்படுவதா, மேலே ஓடி மண்ணையும் கொண்டு செல்வதா என்பதை மழை தீர்மானிப்பதில்லை. தரைமேல் இருக்கும் போர்வையே தீர்மானிக்கின்றது.

மிஸௌரியில் கண்ட கணக்கு

இது வெறும் அநுமானமன்று. அமெரிக்காவில் மிஸௌரி சர்வகலாசாலையார் 1917-ம் வருஷம் தொடங்கிப் பரீட்சையொன்று நடத்தினர். 100 அடிக்கு 4 அடிக்கும் குறைவான சரிவுள்ள ஒரே நிலத்தைச் சிறு பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு முறையைக் கையாண்டு, பாத்தியின் கீழே வந்துசேர்ந்த நீரையும் மண்ணையும் 14 வருஷ காலம் அளந்தனர். மழை யாவற்றுக்கும் ஒன்றே. சராசரி வருஷத்துக்குச் சுமார் 40 அங்குலம்.

உழுது பயிரின்றி வெறுமையாக விட்ட பாத்தியில் ஏக்கருக்கு வருஷத்துக்கு 41 டன்னுக்கு மேல் மண் போயிற்று. வருஷந்தோறும் மக்காச்சோளமே விதைத்த பாத்தியில் சுமார் 20 டன்னும், கோதுமையே விதைத்ததில் சுமார் 10 டன்னும் போயின. மக்காச்சோளம், கோதுமை, க்ளோவர் என்னும் தீவனப்பயிர் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிப் பயிரிட்ட பாத்தியில் நஷ்டம் 3 டன்னுக்கும் குறைவு. புல் மூடிய பாத்தியிலோ ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்குதான் போயிற்று. நீரின் கணக்கும் அவ்வாறே. வெறும் பாத்தியில் மழையில் 30 சதவீதத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. புல் பாத்தியில் 12 சதவீதமே ஓடியது.

இந்த வேகத்தில் 7 அங்குல மேல்மண் முழுதும் தீர எத்தனை வருஷமாகும் என்றும் அவர்கள் கணக்கிட்டனர். வெறும் நிலத்துக்கு 24 வருஷம். தொடர்ந்து மக்காச்சோளத்துக்கு 50 வருஷம். பயிர் மாற்றத்துக்கு 368 வருஷம். புல்லுக்கு 3,000 வருஷத்துக்கு மேல். மழையும் மண்ணும் சரிவும் ஒன்றாயிருந்தும், நிலத்தைக் கையாளும் முறை மாறியதனால் மாத்திரமே ஒருவனுடைய ஆயுளுக்குள் தீரும் சொத்து நூறு தலைமுறைக்கும் நிற்கும் சொத்தாயிற்று. பயிர் மாற்றத்தைக் கவனிக்க: அங்கு உழவும் நிற்கவில்லை, தானியமும் நிற்கவில்லை. மண்ணைக் காக்க விளைநிலத்தை எல்லாம் காடாக்கவேண்டும் என்பதில்லை.

தட்பவெப்பமும் பசுமையும்

மழை மிகுந்த நாட்டில்தான் மண் அதிகம் போகும் என்று எண்ணுவது இயல்பு. அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான லாங்பைன், ஷும் என்போர் 1958-ம் வருஷம் பல ஆறுகளின் வண்டலை ஒப்பிட்டு வேறொரு முடிவுக்கு வந்தனர். மழை மிகக் குறைந்த பாலைப்பகுதியில் மண்ணைக் கொண்டுபோக நீர் இல்லை. மழை மிகுந்த பகுதியில் நீர் இருந்தும் அடர்ந்த புல்லும் மரமும் காக்கின்றன. இரண்டிற்கும் இடையே, பயன்படும் மழை வருஷத்துக்கு 12 அங்குலம் அளவிலுள்ள வறண்ட பகுதிகளிலேயே வண்டல் மிகுதியாகக் காணப்பட்டது. அங்கு மண்ணை வாரும் அளவுக்கு மழை உண்டு. மண்ணை மூடும் அளவுக்குப் பசுமை இல்லை.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. வறண்ட ஜில்லாக்களில் மழை குறைவாதலால் அரிப்பும் குறைவாயிருக்கும் என்று வாளாவிருப்பது தவறு. மழை மிகுந்த மலைநாட்டில் இயற்கைப் போர்வையை நீக்கினால் விளையும் கேடு மற்றெல்லாவற்றிலும் பெரிதாகும். ஏனெனில் அங்கு காவல் போய், வாரும் நீர் மாத்திரம் முழு அளவில் நிற்கும்.

பருவமழை நாடுகளுக்கு உரிய அபாயம் ஒன்றும் உண்டு. கோடை முழுதும் ஆடுமாடுகள் மேய்ந்து தரை வெறுமையாகி, குளம்புகளால் மிதியுண்டு இறுகிக் கிடக்கும். அந்நிலையில்தான் முதல் பெருமழை வந்து விழுகின்றது. புல் துளிர்க்கச் சில வாரங்களாகும். அதற்குள் சேதம் நடந்துவிடுகிறது.

மரம் நட்டால் மாத்திரம் போதுமோ?

மண்ணைக் காப்பது மரத்தின் உயரமன்று. மரத்தடியில் கிடக்கும் சருகும், அங்கு வளரும் சிறு செடிகளுமே முக்கியம். உயர்ந்த மரத்தின் அகன்ற இலைகளில் சேர்ந்து சொட்டும் துளி மழைத்துளியைவிடப் பெரியது. கீழே சருகு வாரப்பட்டும் தீவைக்கப்பட்டும் தரை வெறுமையாயிருந்தால், தேக்கந்தோப்பிலும் மண் அரிக்கும்.

நீர் விஷயத்திலும் நிதானம் வேண்டும். நீலகிரியில் கிளென்மார்கன் என்னுமிடத்தில் ஆராய்ச்சியாளர் அருகருகேயுள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை இயற்கைப் புல்வெளியாக விட்டு, மற்றொன்றின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் 1972-ம் வருஷம் யூகலிப்டஸ் என்னும் தைலமரத்தை நட்டனர். முதல் பத்து வருஷச் சுற்றில் நட்ட நீர்ப்பிடிப்பிலிருந்து வரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. மரங்களை வெட்டியபின் அடிமரத்திலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதமாயிற்று. விறகு வேண்டிய இடத்தில் தைலமரம் பிரயோஜனமுள்ளதே. ஊற்றையும் ஓடையையும் நம்பி வாழும் ஊருக்கு மேலே அதை நடுவது யோசிக்கத்தக்கது. எந்தச் செடியை எங்கே எதற்காக வைப்பது என்று கேட்டபின்பே வைக்கவேண்டும்.

சிவாலிக் குன்றுகளின் சரித்திரம்

கேடு எவ்வாறு பரவும் என்பதற்குப் பஞ்சாபின் ஹோஷியார்பூர் ஜில்லா பிரசித்தமான உதாரணம். அந்த ஜில்லாவின் ஓரமாக நிற்கும் சிவாலிக் குன்றுகள் கெட்டியான பாறையாலானவையல்ல; மணற்கல்லும் கூழாங்கல்லும் களிமண்ணும் தளர்ந்து சேர்ந்தவை. 1849-ம் வருஷம் பஞ்சாப் பிரிட்டிஷ் ஆட்சிக்குள் வந்தபின் அக்குன்றுகளில் உழவும், மரவெட்டும், ஆடுமாடு மேய்ச்சலும் பெருகின. குன்று வெறுமையாயிற்று. மழைக்காலத்தில் மாத்திரம் ஓடும் 'சோ' என்னும் காட்டாறுகள் மணலை அடித்துவந்து கீழேயுள்ள நன்செய்களில் கொட்டின. 1852-ம் வருஷம் சுமார் 48,000 ஏக்கராயிருந்த மணற்பரப்பு 1897-ம் வருஷத்தில் சுமார் 94,000 ஏக்கராகப் பெருகிற்று.

குன்றின்மேல் ஆடு மேய்த்தவரும், கீழே வயலை இழந்தவரும் வேறு வேறு மனிதர். மேலே உள்ளவருக்கு அன்றாட ஜீவனம்; கீழே உள்ளவருக்குப் பரம்பரைச் சொத்து. ஒருவர் செயலின் பலனை மற்றொருவர் அநுபவித்தமையால் அதை நிறுத்த எவருக்கும் வழியில்லாது போயிற்று. 1900-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம், குறிக்கப்பட்ட இடங்களில் மரவெட்டையும் ஆட்டு மேய்ச்சலையும் தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. தடையால் சில இடங்களில் பசுமை திரும்பிற்று. ஆயினும் காவற்காரர் இல்லாத இரவில் ஆடு மேயும். 1940-ம் வருஷத்தை அடுத்து அம்மாகாணத்தின் காங்க்ரா ஜில்லாவில் கிராமத்தாரே காட்டைப் பாதுகாக்கும் ஐக்கிய வனச் சங்கங்கள் ஏற்பட்டதற்குக் காரணம், ஊரார் விரும்பாத காவல் நிலைக்காது என்ற அநுபவமே.

சுகோமாஜ்ரி கிராமம்

அதே சிவாலிக் அடிவாரத்தில், சண்டிகர் நகருக்கு அருகே சுகோமாஜ்ரி என்னும் சிற்றூர் உளது. சண்டிகரில் 1958-ம் வருஷம் கட்டப்பட்ட சுக்னா ஏரி இருபது வருஷங்களுக்குள் தன் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டலால் இழந்தது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிச் சென்ற மண்பாதுகாப்பு அதிகாரிகள், சுகோமாஜ்ரியின் வெறுமையான குன்றுகள் அதற்கு முக்கிய காரணம் எனக் கண்டனர். ஊராருக்கு நிலம் குறைவு, பாசனம் இல்லை. ஆடுமாடுகளைக் குன்றில் மேயவிடுவதைத் தவிர வேறு பிழைப்புக்கு வழியில்லை. நகரத்து ஏரிக்காக மேய்ச்சலை நிறுத்தச் சொன்னால் அவர்கள் கேட்பானேன்?

மண்பாதுகாப்பு நிலையத்தைச் சேர்ந்த பி. ஆர். மிஸ்ரா என்பவர் முயற்சியால் 1976-ம் வருஷம் ஓடையின் குறுக்கே சிறு மண் அணை ஒன்று கட்டப்பட்டது. அணையில் தேங்கிய நீர் கிராமத்தாரின் கோதுமைக்குப் பாய்ந்தபோது விளைவு பெருகிற்று. அணை நிலைக்க வேண்டுமாயின் குன்றிலிருந்து மண் வரலாகாது. மண் வராதிருக்க வேண்டுமாயின் ஆடு மேயலாகாது. இந்த உண்மையை அதிகாரி சொல்லாமலே ஊரார் உணர்ந்தனர்.

ஆயினும் உடனே ஒரு வழக்கு எழுந்தது. அணைநீர் பாயும் நிலமுடையோர்க்கு மாத்திரம் லாபம். மேய்ச்சலை விடுவதோ யாவர்க்கும் நஷ்டம். நிலமற்றவர் ஏன் ஆட்டை விடவேண்டும்? இக்கேள்வி நியாயமானதே. முடிவில், நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நீரில் சமபங்கு என்று ஏற்பட்டது. நிலமற்றவர் தம் பங்கைப் பிறருக்கு விற்கலாம். ஊரார் சங்கம் அமைத்து நீரைப் பகிர்ந்தனர். குன்றில் வளர்ந்த புல்லை அறுக்கும் உரிமையும் வெளிக் கண்டிராக்டருக்குப் பதிலாகச் சங்கத்துக்குக் கிடைத்தது. கயிற்றுக்கும் காகிதத்துக்கும் உதவும் பாபர் புல் சங்கத்துக்கு வருமானமாயிற்று. பலர் ஆடுகளை நீக்கி எருமை வளர்த்துப் பால் விற்கலாயினர். குன்றுக்கு வேலியே தேவைப்படவில்லை, ஊர்க்கட்டுப்பாடே வேலியாயிற்று. சுக்னா ஏரிக்கு வரும் வண்டல் பெருமளவு குறைந்தது.

இக்கதையின் பிற்பகுதியையும் மறைத்தல் கூடாது. வருஷங்கள் செல்லச் செல்லச் சில அணைகளில் வண்டல் சேர்ந்தது. பழுது பார்ப்பதில் ஊக்கம் குறைந்தது. நீர்ப்பங்கு முறையும் தளர்ந்தது. கட்டுவதற்கு ஒரு முறை கூடினால் போதும். காப்பதற்கு வருஷந்தோறும் கூடவேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, வேலை மேட்டிலிருந்து தொடங்கவேண்டும். மேலேயுள்ள புறம்போக்கும் தரிசும் வெறுமையாயிருக்கக் கீழே ஏரியைத் தூர்வாருவது, ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதை ஒக்கும். மேய்ச்சல் தரையை மூன்று நான்கு பகுதிகளாக்கி, ஒன்றை மழைக்காலத்தில் மூடி, புல் விதை விழுந்தபின் திறந்து, அடுத்த வருஷம் வேறொன்றை மூடலாம். மூடிய பகுதியிலும் புல்லைக் கையால் அறுத்துக்கொள்ளலாம். அறுக்கும் உரிமையில் ஆடுடையவருக்கும் நிலமற்றவருக்கும் முதற்பங்கு கொடுக்கவேண்டும். அவர்களே முதலில் நஷ்டப்படுபவர்.

இரண்டாவது, சரிவின் வாக்கில் உழுவதை விட்டு, சரிவுக்குக் குறுக்கே உழுதலும் விதைத்தலும் வேண்டும். இதற்குச் செலவு யாதுமில்லை. ஒவ்வொரு படைச்சாலும் ஒரு சிறு வரப்பாக நின்று நீரைத் தடுக்கும். சோளம், கம்பு முதலிய நிமிர்ந்து வளரும் பயிர்களுக்கிடையே கொள்ளு, தட்டைப்பயறு, நிலக்கடலை போன்று தரையை மூடிப் படரும் பயிர்களைப் பட்டை பட்டையாக விதைப்பது நன்று. மிஸௌரியில் பயிர் மாற்றத்தால் கிடைத்த அனுகூலத்தை இங்கு நினைவுகூரலாம்.

மூன்றாவது, சமமட்ட வரப்பு. நிலத்தின் ஒரே உயரமுள்ள இடங்களை மட்டம் பார்த்து இணைத்து வரப்பிடுவதே இது. இவ்வரப்பு பட்டா எல்லையைப் பாராது; சரிவையே பார்க்கும். ஒருவர் நிலத்தில் தொடங்கி மற்றொருவர் நிலத்தில் முடியும். இடையில் ஒருவர் இசையாவிட்டால் நீர் அவர் நிலத்தின் வழியே திரண்டு கீழ்நிலத்தாரை அழிக்கும். பம்பாய் மாகாணத்தில் 1942-ம் வருஷமும், சென்னை மாகாணத்தில் 1949-ம் வருஷமும் நில அபிவிருத்தித் திட்டச் சட்டங்கள் இயற்றப்பட்டதன் நோக்கம், இத்தகைய வேலையைத் தனித்தனிப் பட்டாவாக அன்றிச் சரிவு முழுவதும் ஒரே திட்டமாகச் செய்வதே. மிகுதி நீர் வெளியேறக் கல் பாவிய கலிங்கு ஒவ்வொரு வரப்பிலும் அவசியம். ஆழமான கரிசல் நிலத்தில் வெயிலில் வரப்பு வெடிக்கும். மழையில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். ஆகையால் அங்கு நீரை மெல்ல வடிக்கும் சாய்வு வரப்போ, புற்பட்டையோ ஏற்றது.

நான்காவது, வரப்பின்மேல் உயிர்வேலி. மைசூர் நாட்டுக் குண்ட்லுப்பேட்டைப் பகுதிக் குடியானவர் நெடுங்காலமாக நிலத்தின் எல்லையில் வெட்டிவேர்ப் புல்லை நெருக்கமாக நட்டு வந்திருக்கின்றனர். அதன் வேர் ஆழமாக நேரே இறங்குவதால் பக்கத்துப் பயிருக்கு அதிகத் தொந்தரவில்லை. அதன் தூர் நீரை வடியவிட்டு மண்ணை நிறுத்துகிறது. நின்ற மண் வருஷந்தோறும் உயர்ந்து தானே படிக்கட்டாகும். ஆயினும் முதல் வருஷத்தில் விழுந்த இடைவெளிகளை நிரப்பாவிட்டால், அந்த இடைவெளி வழியே ஓடை தோன்றும்.

ஐந்தாவது, கணக்கு. நிலத்தில் முளைக்குச்சி ஒன்றை அடித்து, மண் மட்டத்தில் கோடிட்டு, மழைக்காலம் முடிந்தபின் கோட்டின் கீழ் எவ்வளவு தெரிகிறதென்று அளந்தால் போதும். ஒரு ஏக்கரில் 1 அங்குல மண் சுமார் 140 டன். அரை டன் வண்டியில் ஏற்றினால் 280 வண்டி. அவ்வளவு வண்டல் எருவை விலைக்கு வாங்கி அடிக்க எந்தக் குடியானவரால் இயலும்? குச்சி காட்டும் அளவைச் சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் வரவுசெலவுடன் சேர்த்து வாசிப்பது தகும்.

மேல்நிலத்தாருக்கும் கீழ்நிலத்தாருக்கும், ஆடுடையவருக்கும் வயலுடையவருக்கும் நடுவே நின்று பேசத்தக்க ஸ்தாபனம் கிராமத்தில் ஐக்கிய சங்கமே. கடன் விஷயத்தில் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்க இசைந்த அங்கத்தினர், மண் விஷயத்திலும் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கலாம். அடுத்த பருவமழையின் முதல் பெருமழை நாளன்று, பஞ்சாயத்தார் குடையுடன் மேட்டிலிருந்து ஏரிவரை நடந்து, கலங்கல் நீர் எந்த நிலத்திலிருந்து புறப்படுகிறது என்று குறித்துவரட்டும். அக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த கடன் மனுவைப் பரிசீலிக்கும்போது நிலத்தின் விஸ்தீரணத்துடன் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: உழவு எந்தத் திசையில்? வரப்பு நிற்கிறதா? நிற்காவிட்டால், கேட்ட தொகையில் ஒரு பகுதி முதலில் வரப்புக்குச் செல்லட்டும்.